ஓட்டல் தொழிலாளர் கேள்வி பதில்: பதினொரு மணி நேர வேலை, உடைந்த தட்டு, லாட்ஜ் அறை

நெல்லைச் சீமையின் ஓட்டல்கள், மெஸ்கள், லாட்ஜுகளில் வேலை செய்பவர்கள் அனுப்பிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை வெளியிடவில்லை.

*காலை 6 மணியிலிருந்து 11 வரை, சாயங்காலம் 4 மணியிலிருந்து ராத்திரி 10 வரை வேலை. வாரத்தில் ஒரு நாள் லீவு. மாதச் சம்பளம் 13,000 ரூபாய். தீபாவளி, பொங்கலுக்கும் கடை உண்டு. கேட்டால், "ஓட்டல் வேலைக்கு ஏது நேரம் காலம்?" என்கிறார் முதலாளி. சட்டமும் அப்படித்தான் சொல்கிறதா?*
– சப்ளையர், திருநெல்வேலி ஜங்ஷன்

இல்லை. ஓட்டல் தொழிலாளர்களுக்கென்றே தமிழ்நாட்டில் 1958-ம் ஆண்டிலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாடு உணவு நிறுவனங்கள் சட்டம் என்று பெயர். நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது அதன் வரம்பு. வார விடுமுறையும் அதில் உண்டு. மத்திய அரசு 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக மாற்றி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைப்படுத்தியதால் "பழைய சட்டமெல்லாம் போய்விட்டது" என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். இந்த 1958 சட்டம் மாநிலச் சட்டம். அந்த 29-ல் இது இல்லை.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். காலையில் 5 மணி நேரம், மாலையில் 6 மணி நேரம். ஆக, நாளுக்கு 11. ஆறு நாளைக்கு 66. வரம்பான 48-ஐக் கழித்தால் வாரத்துக்கு 18 மணி நேரம் கூடுதல் வேலை. கூடுதல் நேரத்துக்கு இரண்டு மடங்கு ஊதியம் தர வேண்டும் என்கிறது 2019-ம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டம். மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் நாள் கூலி 500 ரூபாய். அதை 8-ஆல் வகுத்தால் மணிக்கு 62 ரூபாய் 50 காசு. இரண்டு மடங்கு 125. பதினெட்டு மணி நேரத்துக்கு 2,250 ரூபாய். இது ஒரு வாரத்துக்கு மட்டும். நான்கு வாரத்துக்கு 9,000 ரூபாய் உங்கள் கைக்கு வராமல் போகிறது.

அதற்கு முன் 13,000 என்பதே சரியான தொகையா என்று பாருங்கள். ஓட்டல் வேலைக்குத் தமிழக அரசு குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்திருக்கிறது. வேலையின் தரத்துக்கு ஏற்ப அடிப்படைச் சம்பளம் ஒன்று. சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டை ஒட்டிய பஞ்சப்படி ஒன்று. பஞ்சப்படி ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 1-ல் மாறும். இரண்டையும் கூட்டினால் வருவதுதான் உங்கள் தரத்துக்குரிய குறைந்தபட்சத் தொகை. நடப்பு ஆண்டுப் பட்டியல் தொழிலாளர் துறையின் இணையதளத்தில் கிடைக்கும். மேசையில் வாடிக்கையாளர் வைத்துவிட்டுப் போகும் டிப்ஸை இதில் சேர்த்துக் காட்டக் கூடாது. உங்கள் சம்பளம் பட்டியலுக்குக் கீழே இருந்தால், மேலே போட்ட கணக்கைப் பட்டியல் தொகையை வைத்துத் திரும்பப் போடுங்கள்.

பண்டிகை விஷயத்துக்கு வேறொரு சட்டம். அதுவும் 1958-ல் வந்ததுதான். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாளும், பண்டிகை நாட்கள் ஐந்தும் சேர்த்து ஆண்டுக்கு ஒன்பது நாள் சம்பளத்தோடு விடுமுறை. அந்த நாளில் வேலைக்குக் கூப்பிட்டால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும். இல்லையென்றால் அன்றைய சம்பளத்தோடு, சம்பளத்துடன் கூடிய மாற்று விடுமுறை ஒன்று தர வேண்டும்.

இவ்வளவு இருந்தும் பெரும்பாலோர் தோற்றுப்போவது ஓரிடத்தில்தான். "13,000 என்பது எல்லாம் சேர்த்துப் பேசிய சம்பளம், எட்டு மணி நேரந்தான் வேலை" என்று முதலாளி சொன்னால் மறுத்துக் காட்டக் கையில் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. இன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, வந்த நேரம், போன நேரம், மறுபடி வந்த நேரம், போன நேரம், கூட வேலை பார்த்தவர்கள். அன்றன்றைக்கு, பேனாவால் எழுதுங்கள். ஒரு மாதத்துக்கு உரியதை ஒரே இருப்பில் எழுதினால் ஒரே மை, ஒரே கையெழுத்து ஓட்டம் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும்; அது நிற்காது. டியூட்டி போர்டைப் போனில் படமெடுத்து வையுங்கள். "நாளை 5 மணிக்கு வந்துரு" என்று மாஸ்டர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். சம்பளத்தை வங்கிக் கணக்கிலோ ஜிபேயிலோ போடச் சொல்லுங்கள். ஊதியச் சீட்டு கேட்பது உங்கள் உரிமை. பாக்கி என்று நீங்கள் மனுப் போட்டால், அந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டதாக நிரூபிக்கும் பொறுப்பு முதலாளி தலையில்தான் இருக்கிறது. ஆனால் எத்தனை மணி நேரம் உழைத்தீர்கள் என்பதற்கு உங்கள் நோட்டுதான் பேச வேண்டும்.

*டீ கிளாஸ், தட்டு உடைந்தால் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். சாப்பிட்டவர் காசு கொடுக்காமல் நழுவினால் அதுவும் சப்ளையர் தலையில். லேட்டாக வந்தால் 200 ரூபாய் ஃபைன். போன மாதம் 2,900 ரூபாய் போய்விட்டது.*
– மெஸ் ஊழியர், பாளையங்கோட்டை

மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

உடைந்த பொருளுக்குப் பிடிக்க இரண்டு நிபந்தனைகள். அந்தப் பொருள் உங்கள் பொறுப்பில் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் கவனக்குறைவாலேயே நேராக நஷ்டம் வந்திருக்க வேண்டும். பிடிக்கும் முன் உங்கள் விளக்கத்தையும் கேட்க வேண்டும். கூட்ட நேரத்தில் ஈரத் தரையில் வழுக்கி ஆறு கிளாஸ் உடைந்தால், தரையை ஈரமாக வைத்திருந்தது யார் என்ற கேள்விதான் முதலில் வரும். காசு கொடுக்காமல் போனவரின் பில்லை சப்ளையரிடம் பிடிப்பதற்கு எந்த நியாயமும் எங்களுக்குத் தெரியவில்லை. அது வியாபார நஷ்டம். பணம் வாங்கும் பொறுப்பு கேஷியர் மேசையில் இருக்கிறது.

அபராதத்துக்கும் அளவு உண்டு. ஒரு மாதத்தில் போடும் அபராதம் எல்லாம் சேர்த்து அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 12,000 ரூபாய்ச் சம்பளக்காரருக்கு அது 360 ரூபாய். எந்தெந்தத் தவறுக்கு அபராதம் என்று முன்கூட்டியே அனுமதி பெற்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்க வேண்டும். தவறு நடந்து 90 நாள் கழித்துப் பிடிக்க முடியாது. தவணையாகவும் பிடிக்கக் கூடாது. வசூலான அபராதம் முதலாளி கல்லாவுக்குப் போகக் கூடாது. தொழிலாளர் நலனுக்கே செலவாக வேண்டும். லேட்டாக வந்ததற்கு, வராத அந்த நேரத்துக்குரிய கூலியைக் குறைக்கலாம். அதற்கு மேல் 200 ரூபாய் என்றால் அது அபராதம். 3 சதவீதக் கணக்குக்குள் வந்துவிடும்.

எல்லாப் பிடித்தமும் கூட்டினாலும் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தட்டுக்கு எவ்வளவு, ஃபைனுக்கு எவ்வளவு என்று ஊதியச் சீட்டில் பிரித்து எழுதிக் கேளுங்கள். பிரித்து எழுதச் சொன்னவுடனே பல பிடித்தங்கள் நின்றுபோவது உண்டு.

*நாற்பது அறை உள்ள லாட்ஜில் அறை சுத்தம் செய்கிறேன். சீசனில் ஒரு நாளைக்கு 18 அறை தருகிறார்கள். போன மாதம் ஓர் அறையில் தங்கியிருந்தவர் கதவைச் சாத்திக்கொண்டு தப்பாக நடந்தார். கத்தியதும் விட்டுவிட்டார். மேனேஜர், "கஸ்டமரைப் பகைச்சுக்க முடியாதும்மா" என்றார். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் அத்தை மகள், அங்கே ஓட்டல் பெண்களுக்கு அமுக்கினால் அலறும் பட்டன் கொடுக்கிறார்கள் என்கிறாள். இங்கே அது உண்டா?*
– வாசகி, தென்காசி

அத்தை மகள் சொன்னது உண்மை. அந்த நகரின் ஓட்டல் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் 2022-ல் வந்தது. தனியாக அறைக்குள் வேலை செய்பவருக்கு அவசர பட்டனை ஓட்டல் தன் செலவில் தர வேண்டும். பட்டனை அமுக்கிவிட்டு வேலையை நிறுத்தி வெளியேறினால் அவர்மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது. வேலைப் பளுவுக்கும் அளவு வைத்திருக்கிறார்கள்: 60 அறைகளும் அதற்கு மேலும் உள்ள ஓட்டலில் எட்டு மணி நேரத்தில் 3,500 சதுர அடிக்கு மேல் சுத்தம் செய்யச் சொன்னால் அன்றைய முழு நேரத்துக்கும் இரட்டைக் கூலி. குளியலறையோடு 250 சதுர அடி அறை என்றால் இது 14 அறைக் கணக்கு. சிகாகோ நகரில் பட்டன் சட்டம் 2018-லேயே நடைமுறைக்கு வந்தது. இந்தச் சட்டங்களைப் போராடி வாங்கியவர்கள் உங்களைப் போல அறை துடைக்கும் பெண்களும் அவர்களுடைய சங்கங்களும்தான்.

தமிழ்நாட்டில் பட்டன் கட்டாயம் என்றோ, இத்தனை சதுர அடிதான் என்றோ சட்டம் இல்லை. இருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. அதுவரை கையில் இருக்கும் சட்டத்தை முழுசாகப் பயன்படுத்த வேண்டும்.

முதலில் அந்தச் சம்பவம். 2013-ம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், உடன் வேலை செய்பவரை மட்டும் குறிப்பதல்ல. வேலையிடத்துக்கு வந்துபோகிறவர்களிடமிருந்தும் பாதுகாப்புத் தருவது முதலாளியின் கடமை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. விருந்தாளியும் அதில் அடக்கம். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் இப்படிப்பட்ட புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். தலைவர் பெண்ணாகவும், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்களாகவும், ஒருவர் வெளியாளாகவும் இருக்க வேண்டும். குழு வைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். பத்துப் பேருக்குக் குறைவு என்றாலோ, புகாரே முதலாளி மேல் என்றாலோ மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். உங்களுக்கு நாள் இருக்கிறது, ஆனால் தள்ளிப்போடாதீர்கள். வராந்தா கேமராப் பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துபோகும். "இந்தத் தேதி, இந்த மாடி, இத்தனை மணிப் பதிவையும், அந்த அறையின் வருகைப் பதிவேட்டுப் பக்கத்தையும் பத்திரப்படுத்துங்கள்" என்று மேனேஜருக்கு இன்றே எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். போலீசில் புகார் தரவும் உரிமை உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 74, 75-வது பிரிவுகள் இதற்கானவை. நீங்கள் விரும்பினால் அந்தப் புகார் கொடுக்க உதவுவதும் முதலாளியின் கடமையே. பெண்கள் உதவி எண் 181.

பளுவைப் பற்றி. ஆள் காலி செய்த அறை ஒன்றுக்குப் படுக்கை மாற்றி, கழிப்பறை தேய்த்து, தரை துடைக்க அரை மணி நேரத்துக்குக் குறையாது. பதினெட்டு அறைக்கு ஒன்பது மணி நேரம். சாப்பிட, தண்ணீர் குடிக்க, மாடி ஏறி இறங்க ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. அறைக் கணக்கில் வரம்பு இல்லாவிட்டாலும் மணிக் கணக்கில் வரம்பு இருக்கிறது. எந்த அறைக்கு எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்று எழுதி வையுங்கள். 48 மணியைத் தாண்டியது எல்லாம் இரட்டைக் கூலிக் கணக்கு.

அவசரத்தில் நடக்கும் இன்னோர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். கழிப்பறைக்கு ஆசிட் ஊற்றிய கையோடு பிளீச்சிங் பவுடரைத் தூவிவிடுகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்னக் குளியலறையில் அது நுரையீரலையே பிடித்துவிடும். ஒன்றை முழுக்கக் கழுவிவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். இருமலும் கண் எரிச்சலும் வந்தால் உடனே வெளியே வாருங்கள். வேலையை முடித்துவிட்டு வரலாம் என்று நிற்காதீர்கள். இரவு நேரத்திலும், ஆள் உள்ளே இருக்கும் அறைக்கும் இரண்டு பேராகப் போவது, கதவை முழுக்கத் திறந்து வைப்பது, உள்ளே போகும்முன் அறை எண்ணை ரிசப்ஷனுக்குச் சொல்வது ஆகிய மூன்றையும் நிர்வாகமே விதியாக எழுதி ஒட்ட வேண்டும். பட்டன் இல்லாத ஊரில் குறைந்தபட்சம் இதையாவது கேட்டு வாங்க வேண்டும்.

*வேலைக்குச் சேரும்போது 30,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கினேன். இப்போது போக விடமாட்டேன் என்கிறார்கள். ஆதார் கார்டும் அவர்களிடம்.*
– பரோட்டா மாஸ்டர், வள்ளியூர்

கடன் கடன்தான், திருப்பித் தர வேண்டியதே. சம்பளத்தில் தவணையாகக் கழிக்கலாம், மிச்சத்துக்குச் சிவில் வழக்குப் போடலாம். ஆனால் கடனுக்காக ஆளைப் பிடித்து வைப்பது 1976-ம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். திருநெல்வேலி கோட்டாட்சியர், சேரன்மகாதேவி சார் ஆட்சியர் ஆகியோரில் உங்கள் ஊர் யார் எல்லையில் இருக்கிறதோ அவரிடம் மனுக் கொடுங்கள். இதுவரை எவ்வளவு கழித்திருக்கிறார்கள் என்ற கணக்கை மாதவாரியாக எழுதிக்கொண்டு போங்கள். ஆதார் கையில் இல்லாவிட்டாலும் பதிவு செய்த போன் எண் இருந்தால் இணையத்தில் பதிவிறக்கிக்கொள்ளலாம். வேலையை விட்டால் பாக்கிச் சம்பளம் இரண்டு வேலை நாளுக்குள் வந்தாக வேண்டும்.

*வடைச் சட்டி கவிழ்ந்து தம்பிக்குக் கையும் தொடையும் வெந்துவிட்டது. ஓட்டலில் 14 பேர். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள், ஆனால் அட்டை இல்லை. முதலாளி 5,000 ரூபாய் கொடுத்து ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்.*
– வாசகர், அம்பாசமுத்திரம்

கையெழுத்துப் போட வேண்டாம். சட்டப்படி வர வேண்டிய இழப்பீட்டை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் தாள் செல்லாது. ஆனாலும் பின்னால் வீண் இழுபறிக்கு அதுவே காரணமாகிவிடும்.

பத்துப் பேரும் அதற்கு மேலும் உள்ள ஓட்டலில், மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. கட்டாயம். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். தம்பிக்குப் பிடித்ததைக் கட்டினார்களா என்று காப்பீட்டு எண்ணை வைத்து உமங் செயலியில் பார்க்கலாம். எண்ணே இல்லை என்றால், பிடித்ததற்கான சீட்டோடு திருநெல்வேலியில் உள்ள இ.எஸ்.ஐ. துணை மண்டல அலுவலகத்துக்குப் போங்கள். முதலாளி பதிவு செய்யாமல் விட்டிருந்தாலும் தொழிலாளிக்கு உரியதைக் கழகம் கொடுத்துவிட்டு, முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு.

வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதம் வரும். இதில் எல்லாம் நிற்பது விபத்து அறிக்கை மேல். முதலாளி 24 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும். ஆஸ்பத்திரியில் "வீட்டில் எண்ணெய் கொட்டிவிட்டது" என்று சொல்லச் சொல்வார்கள். அதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் பெரிய மோசம். முதல் சீட்டில் டாக்டர் எழுதுவது கடைசிவரை பேசும். வேலையிடத்தில், இந்த நேரத்தில், வடைச் சட்டி கவிழ்ந்து என்று உள்ளபடி பதியச் சொல்லுங்கள்.

பத்துப் பேருக்குக் குறைவான இடமாக இருந்தால் இழப்பீட்டை முதலாளியே தர வேண்டும். மருத்துவச் செலவு முழுவதும் அவருடையது. கேட்பதற்கு இரண்டு ஆண்டு அவகாசம். திருநெல்வேலி தொழிலாளர் துணை ஆணையரிடம் மனுப் போட வேண்டும்.

எல்லாச் சமையற்கட்டுக்கும் ஒரு வார்த்தை. தீக்காயத்துக்கு உடனே குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். மோதிரம், கயிறு எதுவானாலும் வீங்குமுன் கழற்றுங்கள். இட்லி மாவு, பற்பசை, பேனா மை எதுவும் வேண்டாம்; சூட்டை உள்ளேயே அடைத்து வைக்கும், காயத்தில் கிருமி சேரும், டாக்டரும் அதைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, பெரிய மூடியால் சட்டியை மூடுங்கள்.

*செப்டிக் டேங்க் அடைத்துக்கொண்டால் எங்களில் ஒருவரை இறங்கச் சொல்கிறார்கள். 1,000 ரூபாய் தருவார்கள். போகலாமா?*
– கிளீனர், திசையன்விளை

போகாதீர்கள். யார் சொன்னாலும், எவ்வளவு தந்தாலும். தொட்டிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் நாற்றமாகத் தெரியும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "வாடை குறைந்துவிட்டது" என்று இறங்கியவர் இரண்டு மூச்சில் விழுந்துவிடுவார். அவரைத் தூக்கக் குதித்தவரும் விழுவார். மூடியை ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் போதும் என்பதும் பொய்; சகதியைக் கிளறும்போதுதான் வாயு வெளியே வரும்.

பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. கழிவுநீர் லாரிக்குச் சொல்வதுதான் ஒரே வழி. உதவி எண் 14420. யாராவது உள்ளே விழுந்துவிட்டால் இறங்காமல் 101, 108 இரண்டுக்கும் அழையுங்கள்.

*என் ஓட்டலில் ஆறு பேர்தான். இந்தச் சட்டமெல்லாம் எனக்கும் உண்டா?*
– ஓட்டல் உரிமையாளர், நாங்குநேரி

உண்டு. குறைந்தபட்ச ஊதியத்துக்கும் 1958 சட்டத்துக்கும் இத்தனை பேர் என்ற கணக்கு இல்லை. பத்தில் இ.எஸ்.ஐ., இருபதில் பி.எஃப். வரும். ஆறு பேர் என்பதால் விபத்துச் செலவு முழுவதும் உங்கள் தலையில் என்பதை நினைத்துப் பாருங்கள். பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி எடுத்துவிடுங்கள். சமையல் ஆட்களுக்கு ஆண்டுக்கொரு முறை மருத்துவப் பரிசோதனை செய்வதும் டைபாய்டு ஊசி போடுவதும் உணவுப் பாதுகாப்பு விதிப்படி உங்கள் கடமை. அந்தச் செலவைச் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். ஆகவே சிலிண்டர் வைக்கும் இடத்தில் தரைமட்டத்தில் காற்றுப் போக்கு வேண்டும். சிலிண்டரைப் படுக்க வைத்து எரிக்கக் கூடாது. கசிவுக்கு அழைக்க 1906.

*புகார் எங்கே, எப்படிக் கொடுப்பது? வேலை போய்விடுமே என்று பயமாக இருக்கிறது.*
– பலர்

சம்பளம், வேலை நேரம், விடுமுறை குறித்தவை திருநெல்வேலி தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு. கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். அங்கே கொடுத்த மனுவுக்கு எண் கிடைக்கும், பின்தொடர வசதி. ஊதியப் பாக்கிக்கு மூன்று ஆண்டு வரை பின்னோக்கிக் கேட்க முடியும். பாக்கியோடு அதைப் போலப் பத்து மடங்கு வரை இழப்பீடு போடவும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு.

பயம் நியாயமானதே. அதனால்தான் தனி ஆளாகப் போகாதீர்கள் என்கிறோம். பதிவு பெற்ற சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் உங்களுக்காகச் சங்கமே மனுப் போடலாம். நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்திட்டால் ஒருவரை மட்டும் நீக்குவது கடினம். மனு ஒரு பக்கம் போதும்: ஓட்டல் பெயர், முகவரி, சேர்ந்த தேதி, வேலை நேரம், சம்பளம், எந்த மாதத்திலிருந்து எவ்வளவு பாக்கி. கோபத்தையும் வசவையும் விட்டுவிட்டுக் கணக்கை எழுதுங்கள். நோட்டின் நகலை இணையுங்கள். மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். இரண்டு பிரதி கொண்டுபோய், உங்கள் பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை தரத் தயங்கினால் அன்றைக்கே ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்பிவிடுங்கள்.